வராததற்குக் காரணம்

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவளுக்குக் கால் தரையில் படவில்லை. கணவர் நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். தன் உயரத்துக்கு அதை ஏற்றி வைத்திருந்தார். பக்கவாட்டில் ஒரு பிடி இருக்கிறது, அதைத் தூக்கினால் நாற்காலி தானாக இறங்கிவிடும். தூக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நான்கு மாதமாக அவளுக்கு எதுவுமே தோன்றுவதில்லை.

கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு குளிர்பதனக் கிடங்கு. காய்கறியையும் பழத்தையும் கெடாமல் வைத்திருந்து கேட்கும்போது எடுத்துக் கொடுக்கிற வேலை. அறுபது பேர் வேலை செய்கிறார்கள். இயக்குநர்கள் மூன்று பேர், மூவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். மூத்தவர் தலைவர். நடுவில் பிறந்தவர், அதாவது அவளுடைய கணவர், இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர். கடைக்குட்டியான நாத்தனார் கூட்டத்துக்கு வருவாள், கைப்பேசியைப் பார்ப்பாள், யாராவது எதையாவது முன்மொழிந்தால் தலையை நிமிர்த்தாமலே "வழிமொழியறேன்" என்பாள். பதினொரு வருடமாக அவள் நிர்வாகம் செய்தது அந்த ஒரே சொல்லால்தான். ஒருமுறை தேநீர் வேண்டுமா என்று கேட்டதற்கும் அதையே சொல்லி வைத்தாள் என்று கணவர் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரித்தவர் இப்போது இல்லை. அவருடைய இடத்தில் அவளை இயக்குநராகப் போட்டிருக்கிறார்கள். இன்றைக்குத்தான் முதல் கூட்டம்.

நடந்தது இதுதான். கிடங்கைக் குளிர்விக்க அம்மோனியா என்ற வாயு குழாய்களில் ஓடுகிறது. கம்ப்ரசர் அறையில் ஒரு வால்வு கசிந்தது. கசிந்தால் ஊரைக் கூட்ட வேண்டிய அலாரம் வாயைத் திறக்கவில்லை. அது வாயைத் திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வால்வை மூட உள்ளே போனவர் தன் காலால் நடந்து வெளியே வரவில்லை. அன்று காலை பதினொன்று பத்துக்கு அவள், மத்தியானம் சாப்பிட வருவாரா என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். "இங்க ஒரு சின்ன வேலை. பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்" என்றார்.

மருத்துவமனைச் சான்றிதழில் இதயத் துடிப்பு நின்றதால் மரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதியவரைக் குற்றம் சொல்ல முடியாது. எப்படிச் செத்தாலும் கடைசியில் எல்லோருக்கும் அதுதானே நிற்கிறது. குடும்பம் அந்த ஒரு வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார், மாரடைப்பு என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று.

சான்றிதழோடு ஒரு பிளாஸ்டிக் பையையும் கொடுத்தார்கள். உள்ளே அவர் போட்டிருந்த சட்டை. பையின் முடிச்சை அவிழ்த்ததுதான் தாமதம், மூக்கைத் துளைத்துக்கொண்டு அந்த வாடை ஏறியது. அவள் கண்ணிலிருந்து கரகரவென்று தண்ணீர் கொட்டியது. சுற்றி நின்ற சொந்தக்காரர்கள், "அப்பாடா, அழுதுட்டா. அழுதா பாரம் குறையும்" என்று முதுகைத் தடவினார்கள். அவள் அழவில்லை. வாயு பட்டால் யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். அதை எடுத்துச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரும் வரவில்லை. துக்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். அது வந்திருந்தால்கூடத் துணைக்கு ஓர் ஆள் இருந்த மாதிரி இருந்திருக்கும். வந்தது வெறும் மரத்துப்போன தன்மை, பல் பிடுங்கப் போட்ட ஊசி இறங்காமல் நின்றுவிட்ட மாதிரி. வெளியூரில் படிக்கிற மகள் தினமும் கூப்பிட்டு, "அம்மா, சாப்பிட்டியா?" என்பாள். "ம்" என்பாள் இவள். சாப்பிட்டாளா என்று யோசித்துப் பார்த்தால் ஞாபகம் வராது.

ஒரே ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. கண்ணில் படுகிற அச்செழுத்தையெல்லாம் படிப்பது. சோப்பு உறையின் பின்பக்கம், மாத்திரை அட்டைக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், மின்கட்டண ரசீதின் விதிமுறைகள் என்று ஒன்றையும் விடுவதில்லை. ஒன்றும் மனதில் நிற்காது, ஆனால் ஓர் எழுத்தையும் தாண்டிப் போக மாட்டாள். கண்ணுக்கு வேலை கொடுத்தால் மனது சும்மா கிடந்தது.

போன வாரம் மூத்தார் வீட்டுக்கு வந்திருந்தார். கூட்டத்தில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார். வருடா வருடம் இயக்குநர்கள் சேர்ந்து ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். இந்த வருடம் கம்பெனியில் நடந்தது இது, எங்களுக்குத் தெரியும், நாங்கள் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதில் ஐந்தாம் பக்கத்தில் பாதுகாப்பு என்று ஒரு தலைப்பு. அதன் கீழே, 'இவ்வாண்டில் குறிப்பிடத்தக்க நிகழ்வு எதுவும் இல்லை' என்று இருக்கும்.

"நடந்ததை எழுதினா அதிகாரிங்க வந்து அறையைப் பூட்டிடுவாங்கம்மா. உள்ள இருக்கற சரக்கு ரெண்டு நாள் தாங்காது. அறுபது குடும்பம் தெருவுக்கு வந்துடும். அவன் தொழிலாளி இல்லையே, இயக்குநர். படிவத்துல தொழிலாளிங்களைப் பத்தித்தான் கேக்கறாங்க. அவனே இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான்" என்றார் மூத்தார். சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி அத்தான்" என்றாள் அவள். வீட்டை இடித்துவிடலாமா என்று கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

இன்று காலை கூட்டத்துக்குப் போகும் வழியில் கம்ப்ரசர் அறையைத் தாண்டித்தான் மாடிப்படி ஏற வேண்டியிருந்தது. அறை வாசலில் ஒரு ஸ்டூல். அதில் ஓர் ஆபரேட்டர், தோளில் ஈரத் துண்டுடன். அன்றைக்கு அவள் கணவரை வெளியே இழுத்துப் போட்டவர் இவர்தான். இப்போது எல்லோரும் இவரை 'அலாரம்' என்று கூப்பிடுகிறார்கள். நிஜ அலாரம் பழுதாகக் கிடப்பதால் ஷிஃப்ட் முழுக்க வாசலில் உட்கார்ந்து மோந்து பார்த்து, வாடை வந்தால் கத்த வேண்டும். அதுதான் இவருக்குக் கொடுத்திருக்கிற வேலை. பெயர் வைத்தவன் வேடிக்கைக்குத்தான் வைத்தான், ஆனால் பெயர் பொருந்திவிட்டது.

அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நேத்தும் கொஞ்சம் வந்துச்சும்மா. பக்கத்து வால்வு. நானே போய் மூடிட்டேன்."

"முகமூடி இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. ரப்பர் போயிடுச்சு. அதான் துண்டு" என்று தோளைக் காட்டினார். பிறகு, "புது அலாரத்துக்குச் சொல்லியிருக்காங்களாம், வந்துடுமாம்" என்று அவளுக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்.

"எத்தனை நாளா இங்க உட்கார்றீங்க?"

"ஐயா போனதுலேர்ந்து."

கேட்டுக்கொண்டாள். கிணற்றில் போட்ட கல்லாக அது உள்ளே போய்க் கிடந்தது. படியேறினாள்.

கூட்ட அறை கம்ப்ரசர் அறைக்கு நேர் மேலே. தரை எப்போதும் மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கும். மேசையில் வைத்த கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுவென்று முனகும். பழகியவர்களுக்கு அது காதில் விழாது. அவளுக்கு விழுந்தது, ஆனால் அது என்ன சத்தம் என்று அவள் கேட்கவில்லை.

"உட்காரும்மா. சாப்பிட்டியா?" என்றார் மூத்தார். நல்ல மனிதர்தான். தம்பி போன பிறகு இரண்டு சுற்று இளைத்திருந்தார், சட்டைக் கழுத்து தொளதொளவென்று நின்றது. நாத்தனார் கைப்பேசியிலிருந்து ஒரு கையை எடுத்து, "வாங்க அண்ணி" என்று அவள் முழங்கையைத் தொட்டாள்.

எதிரே கம்பெனிச் செயலர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் நடப்பதைக் குறித்து வைப்பதும், அறிக்கை தயாரிப்பதும், கையெழுத்து வாங்குவதும் அவர் வேலை. அவருக்குப் பட்டப்பெயர் 'காற்புள்ளி'. இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு தீர்மானத்தில் காற்புள்ளி எங்கே வர வேண்டும் என்று அரை மணி நேரம் வாதாடி, சாப்பாட்டு நேரத்தைத் தாண்டவைத்த பெருமை அவருக்கு உண்டு. அன்றைக்குப் பசியில் யாரோ வைத்த பெயர் இன்றுவரை நிற்கிறது.

"மஞ்சத் தாள் ஒட்டியிருக்கற இடத்துல மட்டும் போட்டாப் போதும்மா. மொத்தம் ஒன்பது இடம்" என்றார் காற்புள்ளி.

"மொதல்ல போன கூட்டத்து மினிட்ஸ்" என்றார் மூத்தார். "உறுதி பண்றதா முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்" என்றாள் நாத்தனார், கைப்பேசியைப் பார்த்தபடி.

பேனா அவள் கைக்கு வந்தது. வேறு யாராக இருந்தாலும் மஞ்சள் தாளைத் தேடிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். இந்தக் கம்பெனி தொடங்கிய நாளாகக் கூட்டக் குறிப்பை எந்த இயக்குநரும் படித்ததில்லை. அவளோ அச்செழுத்தைக் கண்டால் விடாதவள். முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். தேதி, நேரம், இடம், பிறகு வந்திருந்தோர் பட்டியல். மூத்தார் விரலால் மேசையைத் தட்டினார். அவள் ஒவ்வோர் எழுத்தாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"இவர் வந்திருக்கார்" என்றாள்.

"யாரு?" என்று மூத்தார் கதவுப் பக்கம் திரும்பினார்.

"இவர்தான்." பட்டியலில் விரலை வைத்தாள். தலைவருக்கு அடுத்தபடியாக அவள் கணவரின் பெயர் இருந்தது. கூட்டம் நடந்த தேதி அவர் இறந்து ஐந்து வாரம் கழித்து. வந்திருந்ததோடு விடவில்லை. இரண்டாம் பக்கத்தில், பாதுகாப்புக் குறிப்பில் நிகழ்வு எதுவும் இல்லை என்று தலைவர் முன்மொழிந்ததை அவர்தான் வழிமொழிந்திருந்தார். மூன்றாம் பக்கத்தில் அவர் மறைவால் காலியான இடத்துக்கு அவர் மனைவியை நியமித்திருந்தார்கள். அந்தத் தீர்மானத்துக்கும் அவர் ஆட்சேபம் சொல்லவில்லை.

காற்புள்ளியின் முகம் வெளுத்துவிட்டது. தாளை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"போன வருஷத்துத் தாளை எடுத்து வெச்சுக்கிட்டுத் தேதியை மாத்தினேம்மா. வருஷா வருஷம் அப்படித்தான். பேரெல்லாம் மாறாதில்லையா, அதனால..." என்று இழுத்தார். "ரெண்டாம் பத்தியில ஒரு கமா தப்பா இருந்துது. அதைக்கூடத் திருத்தினேன்."

நாத்தனார் முதல் தடவையாகக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். தம்ளர்கள் மட்டும் முனகிக்கொண்டிருந்தன.

"சரி, கை தவறிடுச்சு. யாருக்கும் வர்றதுதான்" என்றார் மூத்தார், குரலைத் தேற்றிக்கொண்டு. "பேரை அடிச்சிட்டு வராதவங்கன்னு மாத்துங்க. வழிமொழிஞ்ச இடத்துல தங்கச்சி பேரைப் போடுங்க. அடுத்ததைப் பாக்கலாம்."

"மாத்திடலாங்க. ஆனா..." காற்புள்ளி தயங்கினார். "காரணம் எழுதணுமே."

இந்தக் கம்பெனிக்கு மட்டுமே உள்ள ஒரு கட்டம் அது. மூவரின் தகப்பனார், அவளுடைய மாமனார், ஆரம்பத்தில் ஒரு கூட்டாளியோடு தொழில் செய்தவர். கூட்டாளி கூட்டத்துக்கு வராமலே இருந்துவிட்டு, அப்புறம் எனக்கு எதுவும் தெரியாது என்று கையை விரித்துவிட்டார். சூடுபட்ட மாமனார் அன்றே ஒரு விதி போட்டார். இயக்குநர் ஒருவர் வரவில்லை என்றால், வராததற்குக் காரணம் என்ற கட்டத்தில் காரணத்தை முழுமையாக எழுத வேண்டும், எழுதியதை எல்லோர் காதிலும் விழும்படி படித்துக் காட்ட வேண்டும், கட்டம் காலியாக இருந்தால் கம்பெனி முத்திரை விழக் கூடாது. தகப்பனார் போய்ப் பல வருடம் ஆகியும் அதில் கை வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. மழையில் வண்டி நின்றுவிட்டது, மேல் வரிசையில் வலது கடைவாய்ப் பல் வலி, தேதியை மறந்துவிட்டேன் என்று புத்தகம் முழுக்க இப்படிக் காரணங்கள் கிடந்தன.

"காலமானார்னு போடுங்க" என்றார் மூத்தார்.

"முழுமையாங்கறது விதிங்க ஐயா. எங்க, எப்படின்னு..."

"இதயம்னு போடுங்க. சான்றிதழ் இருக்கில்ல?"

காற்புள்ளி பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. திரும்பி அவளைப் பார்த்தார். "நீங்களும் இப்ப இயக்குநர்ம்மா. நீங்களும் சரின்னு சொல்லணும். போடலாமா?"

'சரி' என்ற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான்கு மாதமாகச் சொல்லிச் சொல்லி அது தானாகவே வரப் பழகியிருந்தது. ஆனால் கண்ணுக்கு முன்னால் அச்செழுத்து கிடந்தது, படித்து முடிக்கவில்லை. கூட்டக் குறிப்புப் புத்தகத்தை இழுத்துப் பழைய பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். கணவர் உயிரோடு இருந்த கடைசிக் கூட்டம். 'வாயு அலாரம் பழுது பற்றி இயக்குநர் எடுத்துச் சொன்னார். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று தலைவர் கூறினார். குறித்துக்கொள்ளப்பட்டது.' அதற்கு முந்தைய கூட்டம். அதே மூன்று வாக்கியம். அதற்கும் முந்தையதில் ஒரு காற்புள்ளிகூட மாறாமல் அதுவே இருந்தது.

"குறித்துக்கொள்ளப்பட்டதுன்னா என்ன?" என்று கேட்டாள்.

"கேட்டுக்கிட்டோம்னு அர்த்தம்மா" என்றார் காற்புள்ளி, மெதுவாக.

"கேட்டுக்கிட்டு?"

"அவ்வளவுதாம்மா. கேட்டுக்கிட்டோம்."

அவள் அந்தச் சொல்லை இன்னொரு முறை படித்தாள். பிறகு, "இவர் வேற எப்பவாவது வராம இருந்திருக்காரா?" என்றாள். எதற்குக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஒரே ஒரு தடவைதான்." காற்புள்ளி எழுந்து பீரோவைத் திறந்தார். பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய புத்தகத்தை எடுத்துத் தூசியை உள்ளங்கையால் துடைத்து அவள் முன்னால் விரித்தார். அந்தக் கட்டத்தை மறுநாள் வந்து தன் கையாலேயே நிரப்பியிருந்தார் அவள் கணவர். சாய்ந்து ஓடுகிற கையெழுத்து. 'மகள் பிறந்தாள். காலை ஆறு மணி பத்து நிமிடம். இரண்டே முக்கால் கிலோ. தாயும் சேயும் நலம். தலைமுடி நிறைய.' கட்டத்துக்குள் அடங்காமல் கடைசி இரண்டு சொற்கள் ஓரத்தில் ஏறி நின்றன.

அவளுக்கு மார்புக்குள் எங்கேயோ வலித்தது. வலிக்கிறது என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இதயம்னு போடாதீங்க" என்றாள்.

"என்னம்மா?" என்றார் மூத்தார்.

"இதயம்னு போட வேண்டாம் அத்தான். நடந்ததைப் போடச் சொல்லுங்க. அறிக்கையிலயும்தான்."

"போன வாரம் வீட்டுல சரின்னு சொன்னியேம்மா."

"சொன்னேன். அப்ப எனக்கு எதுவும் தோணல."

மூத்தார் முன்னால் சாய்ந்தார். "அறையைப் பூட்டிட்டா என்ன ஆகும்னு யோசிச்சியா? அறுபது குடும்பம். அதுல பாதிப் பேர் அவனை அண்ணன்னு கூப்பிட்டவங்க. செத்தவனுக்கு இனிமே எதை எழுதி என்ன ஆகப்போகுது?"

"அவருக்கு ஒண்ணும் ஆகாது. கீழ ஒருத்தர் மோந்து பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார் அத்தான். அவருக்கு அலாரம்னு பேரு வெச்சிருக்காங்க. நேத்து அவரே உள்ள போய் மூடியிருக்கார், ஈரத் துண்டைக் கட்டிக்கிட்டு." பேசுவது தன் குரல்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. நிறுத்தவில்லை. "இவராவது இயக்குநர், இவருக்கு ஒரு கட்டம் இருக்கு. நாளைக்கு அந்த மனுஷன் வேலைக்கு வரலேன்னா காரணத்தை எங்க எழுதுவீங்க? அவருக்குக் கட்டமே இல்லையே."

"அதுக்குத்தான் புது அலாரத்துக்குச் சொல்லியிருக்கு."

"எப்போ சொன்னீங்க?"

மூத்தார் எதையோ தேடுவதுபோலத் தாள்களைப் புரட்டினார். காற்புள்ளி மேசையைப் பார்த்தார். ஆர்டர் போட்டிருந்தால் அந்தத் தாள் அவர் கை வழியாகத்தான் போயிருக்க வேண்டும், போகவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"எதுக்குன்னு கேப்பாங்க" என்றார் மூத்தார். குரல் இறங்கிப் போயிருந்தது. "இப்ப அவசரமா அலாரம் வாங்கினா, முன்னாடி ஏன் வாங்கலேன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது? அவன் சொன்னான், நான்தான் அடுத்த கூட்டத்துல பாக்கலாம்னு சொன்னேன்னு சொல்லவா? அதையும் எழுதச் சொல்றியா?"

"அது ஏற்கெனவே இருக்கு அத்தான்" என்றாள் அவள். "மூணு தடவை."

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. படித்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். மூத்தார் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தம்பியின் உடம்பை வண்டியில் ஏற்றும்போதுகூட அழாமல் ஓடியாடி எல்லா வேலையும் பார்த்த மனிதர். அவருக்கும் அன்றைக்கே எல்லாம் மரத்துப்போயிருந்தது என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன்னைப் போலவே இன்னொருவரும் நான்கு மாதமாக நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார். பாவமாக இருந்தது, கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தன.

"எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியல" என்று காற்புள்ளியிடம் சொன்னாள். "காரணத்தை உள்ளபடி எழுதணும். அறிக்கையில அஞ்சாம் பக்கத்தை மாத்தணும். அலாரம் வர்ற வரைக்கும் கீழ மெஷினை நிறுத்தணும், அவரை அங்கேர்ந்து எழுப்பணும். இதை முன்மொழியறதுன்னு சொல்வாங்களே, அதைப் பண்றேன்."

"பண்ணலாம்மா" என்றார் காற்புள்ளி. "யாராவது வழிமொழியணும்."

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். அவள் பெரிய அண்ணனைப் பார்த்தாள். பிறகு விரித்துக் கிடந்த புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, சின்ன அண்ணனின் கையெழுத்தைப் படித்தாள். 'தலைமுடி நிறைய' என்ற இடத்தில் அவள் உதடு அசைந்தது. பதினொரு வருடமாகக் கொட்டாவி விடுவதுபோலச் சொல்லிவந்த சொல் இப்போது அவளுக்குச் சுலபத்தில் வரவில்லை. தொண்டையைச் செருமினாள். ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

"வழிமொழியறேன்" என்றாள், மூத்தாரின் முகத்தை நேராகப் பார்த்து. "மன்னிச்சுக்கோ அண்ணா. நான் இதுவரைக்கும் எதையும் கேட்டதே இல்ல."

மூத்தார் முகத்திலிருந்து கையை எடுத்தார். அவர் மறுத்திருக்கலாம், ஒத்திவைத்திருக்கலாம், தலைவருக்கு அதற்கெல்லாம் வழி உண்டு. மேசை மேலிருந்த தொலைபேசியை எடுத்துக் கீழே கூப்பிட்டார்.

"மெஷினை நிறுத்துப்பா... ஆமா, எல்லாத்தையும். சரக்கை நான் பாத்துக்கறேன், வேற கிடங்குல கேக்கறேன். நீ அந்த ஸ்டூலை எடுத்துக்கிட்டு வெளிய போ... இல்ல, இன்னிக்கு மட்டும் இல்ல. நான் சொல்ற வரைக்கும் அந்தப் பக்கமே போகாதே."

கொஞ்ச நேரத்தில் தரையின் அதிர்வு குறைந்து குறைந்து நின்றுபோனது. தம்ளர்கள் அடங்கின. அந்த அறை இத்தனை அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

காற்புள்ளி அச்சடித்த பெயரின் மேல் ஒரு கோடு கிழித்தார். ஸ்கேல் வைத்துத்தான் கிழித்தார். பக்கத்தில் வராதோர் என்று எழுதிப் பெயரைத் தன் கையால் போட்டார். காரணத்துக்கான கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"நேரம் என்னன்னு போடறது?"

"பதினொண்ணு பத்துக்கு என்கிட்ட பேசினார்" என்றாள் அவள். "பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்னார்."

"பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு நான் கீழ ஓடினேன்" என்றார் மூத்தார். "அப்பவே முடிஞ்சிருந்துது." இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

காற்புள்ளி எழுதினார். கட்டத்துக்குள் அடங்கவில்லை, அவரும் ஓரத்தில் ஏற்றித்தான் எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்ததும் எழுந்து நின்றார். காரணத்தை உட்கார்ந்து படிக்கும் வழக்கம் இல்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, காற்புள்ளி வந்த இடங்களில் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"வராததற்குக் காரணம். இக்கூட்டத்துக்கு ஐந்து வாரம் முன்பு, காலை பதினொன்று பத்துக்கும், பதினொன்று இருபத்தைந்துக்கும் இடையில், கம்ப்ரசர் அறையில் அம்மோனியா கசிந்தபோது, அலாரம் வேலை செய்யாத நிலையில், வால்வை மூட உள்ளே சென்று, மூச்சுத் திணறி, இறந்துவிட்டார்."

நான்கு மாதமாக ஊரில் அத்தனை பேரும் அவளிடம் பேசினார்கள். இறந்துவிட்டார் என்று ஒருவரும் அவள் காதுபடச் சொன்னதில்லை. தவறிட்டார், போயிட்டார், இப்படி ஆயிடுச்சே என்று பூசி மெழுகித்தான் சொன்னார்கள்.

"சரிதானேம்மா?" என்றார் காற்புள்ளி.

தலையை ஆட்டினாள். மஞ்சள் தாள் ஒட்டிய இடத்தைத் தேடிக் குனிந்தபோது எழுத்து கலங்கித் தெரிந்தது. கன்னத்தில் எதுவோ சூடாக வழிந்து தாளில் சொட்டியது. கண் இரண்டும் கரகரவென்று கொட்டிக்கொண்டிருந்தன. கசிந்துவிட்டதோ என்று பதறி நிமிர்ந்து, ஜன்னல் பக்கமும் கதவுப் பக்கமும் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தாள்.

எந்த வாடையும் இல்லை.